சம்பந்தி கைக்கு நாலு முழம்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். வாசற்கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை, ஒரு கூண்டு வண்டியின் பின்புறம் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு மரச் சட்டங்கள். வண்டிக்குள் இருந்த என் தங்கையை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

சட்டங்களை வைக்கோல் பிரியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஒன்று முழுசு. இன்னொன்று நடுவில் முறிந்து சிம்பு சிம்பாக நின்றது. மேலே எண்ணெய் மெருகேறிக் கறுத்திருந்த தேக்கு, முறிந்த இடத்தில் இளமஞ்சளாக இருந்தது. தங்கை அழகம்மாள் சட்டங்களுக்கு இடம் விட்டுக் கூண்டின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். மடியில் டிரங்குப் பெட்டி.

அரிமளத்தில் பெண்கள் ஊருணியிலிருந்து குடத்தோடு திரும்புகிற நேரம் அது. நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். கல்யாணமான முதல் வருடத்தில் ஒரு பெண் ஆடி மாதம் பிறந்த வீட்டுக்கு வரலாம். அது பங்குனி.

வண்டிக்காரர் எதையும் மறைக்கிறவர் அல்ல.

“நாலு மணிக்கே வந்துட்டேங்க. விடிஞ்ச பெறகுதான் ஊருக்குள்ள போகணும்னு பெரியவரு உத்தரவு. மாட்ட அவுத்துப் போட்டுட்டு ஊருணிக்கரையிலயே கெடந்தோம்.”

பெரியவர் என்று அவர் சொன்னது என் தங்கையின் மாமனாரை. திருமயத்துக்குத் தெற்கே ஒரு கிராமம் அவருடையது. ஊர்ப் பெயரும் அவர் பெயரும் வேண்டாம். அவர் வீட்டுப் பேரப்பிள்ளைகள் இந்த இதழை வாரம் தவறாமல் வாங்குகிறார்கள். எங்கள் அப்பா அவரைச் சம்பந்தி என்று கூப்பிடுவார். நானும் இங்கே அப்படியே எழுதிவிடுகிறேன்.

மஞ்சள் நூல்

வண்டிக்காரர் சட்டங்களை இறக்கிச் சுவரில் சாத்தினார். பிறகு மடியிலிருந்து ஒரு மஞ்சள் நூலை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

“இந்த அளவுக்கு நாலு மடங்கு நீளமாம். ரெண்டு சட்டமும் புதுசா வேணுமாம், பர்மாத் தேக்குல. சட்டம் வந்துச்சுன்னா பொண்ணும் வரலாம்னு சொல்லச் சொன்னாரு.”

“முறிஞ்சது ஒண்ணுதானேய்யா?” என்றார் அப்பா.

“சோடியப் பிரிக்கக் கூடாதாம்ங்க.”

கட்டில் சட்டங்கள் விஷயத்தில் அந்த வீட்டார் அவ்வளவு கண்டிப்பு.

நூல் விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் உறவு வட்டாரத்தில், பெண் வீட்டார் சீராகக் கொடுக்கும் கட்டிலின் நீளத்தை அடிக்கணக்கில் பேசுவதில்லை. மாப்பிள்ளையின் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் ஒரு மஞ்சள் நூலில் அளந்து பெண் வீட்டுக்கு அனுப்புவார்கள். அது ஒரு முழம். கட்டில் நாலு முழம். மாப்பிள்ளை நெட்டையானால் கை நீளும், கை நீண்டால் கட்டிலும் நீளும். யோசித்துப் பார்த்தால் புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். எங்கள் மனிதர்கள் புத்திசாலித்தனமான எதையும் நெடுநாள் அப்படியே விட்டுவைப்பதில்லை.

கல்யாணத்துக்கு முன் வந்த பழைய நூலை ஆத்தா மஞ்சள் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். அதை எடுத்துப் புது நூலின் பக்கத்தில் தரையில் நீட்டிப் பார்த்தேன். புதியது நாலு விரல்கடை குறைவு.

“மாப்பிள்ளை கை எப்ப சுருங்குச்சு?” என்று கேட்டேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நின்ற அழகம்மாள் நூலைப் பார்த்தாள்.

“அது அவுக கை இல்லண்ணே. மாமா கை.”

முன்னூற்று நாலு

ஆத்தா அவளைச் சமையல்கட்டுக்குள் கூட்டிப்போய் விசாரித்தாள். கதவு சாத்தாத விசாரணை, எங்களுக்கும் கேட்டது.

“சட்டம் முறிஞ்சதுக்கா ஒரு பொண்ண அனுப்புவாக? வேற என்னத்தச் செஞ்சே?”

“ஒண்ணுஞ் செய்யலத்தா.”

“பொய் சொல்லாதடி.”

“சிரிச்சேன்.”

அவள் சொன்னதையும், வண்டிக்காரர் கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னதையும் சேர்த்துப் படித்தால் செய்தி இதுதான்.

கல்யாணக் கட்டில் மணமக்களின் உள்ளறையில் இருந்தது மூன்றே நாள். நாலாம் நாள் சம்பந்தி அதைப் பட்டாசாலைக்கு, அதாவது வாசலைத் தாண்டியதும் வருகிற பெரிய கூடத்துக்கு, தூக்கிவரச் செய்தார். உள்ளே காற்றில்லை, புது மரம் பூச்சி பிடிக்கும் என்பது காரணம். அன்றுமுதல் கட்டிலில் அவர் படுத்தார். மகனும் மருமகளும் உள்ளே பாயில் படுத்தார்கள். அவர்களைப் பூச்சி பிடிக்காது போலிருக்கிறது.

சாயங்காலங்களில் அவருடைய சேக்காளிகள் மூன்று பேர் சீட்டாட வருவார்கள். முன்னூற்று நாலு. எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஆட வேண்டிய ஆட்டம். ஆனால் தரையில் உட்கார்ந்தால் பர்மாத் தேக்குக் கட்டிலை வந்தவர்கள் அனுபவிக்க முடியாதல்லவா? எனவே நாலு பேரும் கட்டிலின் ஒரே பக்கத்தில், ஒரே சட்டத்தின்மேல், கால்களைத் தொங்கப்போட்டு வரிசையாக உட்கார்ந்து, முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு ஆடினார்கள். ஆட்டத்தில் கோபம் வந்தால் நாலு பேரும் எழும்பி உட்காருவார்கள். அவர்கள் ஆட்டத்தில் கோபம் அடிக்கடி வரும்.

ஒரு கட்டிலை நிறுத்தி வைத்திருப்பது அந்த இரண்டு பக்கச் சட்டங்கள்தான். தலைமாட்டையும் கால்மாட்டையும் அவைதான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. படுத்தால் பாரம் இரண்டுக்கும் பொதுவாக இறங்கும். நாலு ஆண்கள் ஒன்றின் நடுவில் உட்கார்ந்து எழும்பிக் குதிப்பதற்காக எந்த ஆசாரியும் சட்டம் இழைப்பதில்லை.

முறிந்தது. சேக்காளிகள் சுதாரித்து எழுந்துவிட்டார்கள். சம்பந்தி மட்டும் முக்காலியோடு உருண்டார். கையிலிருந்த சீட்டுகளை அப்போதும் யாருக்கும் காட்டாமல் மார்போடு அணைத்துக்கொண்டு கிடந்தாராம். அடுப்படி வாசலில் நின்ற அழகம்மாள் அதைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

“மெதுவாத்தான் சிரிச்சியா?” என்று ஆத்தா கேட்டாள். ஏதாவது ஒரு சமாதானம் கிடைக்காதா என்கிற குரல்.

“இல்லத்தா. சத்தமா.”

பர்மாவில் சண்டை

பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும்: நான் பட்டணத்தில் ஒரு தினசரியில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். யுத்த பயத்தில் பட்டணம் பாதி காலியானபோது நானும் ஊருக்கு வந்திருந்தேன். அப்பாவுக்கு அரிமளத்தில் ஒரு சிறிய மளிகைக்கடை. கடையை ஆத்தாவிடம் விட்டுவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அவர் சம்பந்தியைப் பார்க்கப் புறப்பட்டார்.

பட்டாசாலையில் கட்டிலின் தலைமாடும் கால்மாடும் தனித்தனியாகச் சுவரில் சாத்தியிருந்தன. பலகைகள் மூலையில் அடுக்கியிருந்தன. சம்பந்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குட்டையான, அகலமான மனிதர். கால்கள் தரையில் பாவவில்லை. இடுப்பில் எண்ணெய்த் துணி கட்டியிருந்தார்; விழுந்த அடி.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு பேசினார்.

“சின்னப் பிள்ளை, தெரியாமச் சிரிச்சிருச்சு. மனசுல வச்சுக்கக் கூடாது.”

“யாரு சிரிச்சா? எனக்கு ஒண்ணும் தெரியாதே.” சம்பந்தி எங்களைப் பார்க்காமல் வெற்றிலை நரம்பைக் கிள்ளினார். “நான் சட்டத்தப் பத்தித்தான் பேசுறேன். தலை வருசத்துல சீர்ப் பண்டம் முறிஞ்சா பொண்ணு வீட்டுக்காரவுக புதுசு வைக்கணும். ஊரு வழக்கம். நான் உண்டாக்கல.”

“வச்சிருவோம். பர்மாத் தேக்குக்குத்தான் எங்கிட்டுப் போறதுன்னு தெரியல. பர்மாவுல சண்டை. கப்பல் வரல, மரம் வரல.”

“சண்டை நடந்தா மரம் முளைக்காதா?”

“முளைக்கும். வரணும்ல?”

“பத்திரிகைக்காரத் தம்பி கூட வந்திருக்காரே. சண்டைய நிப்பாட்டுங்கன்னு எழுதிப் போடச் சொல்லுங்க.”

சுவரோரம் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரிக்கலாம் என்று தெரிந்துகொண்டேன்.

நான் நூலை எடுத்து அவர்முன் வைத்தேன். “இந்த அளவு நாலு விரல்கடை குறையுது. நாலு மடங்குக்கு ஒரு அடி போயிரும். மாப்பிள்ளைக்குப் பத்தாதே.”

“அன்னைக்குப் பொம்பளைக பேச்சக் கேட்டு அவன் கைய அளந்து விட்டுட்டோம். அப்பன் உசுரோட இருக்கையில மகன் கைய அளக்கலாமா? அதான் நிக்கல. இப்பவாச்சும் வீட்டுத் தலைவன் கையால நடக்கட்டும்.”

“நாலு பேரு உக்காந்ததாலதானே முறிஞ்சது?”

“அளவு சரியா இருந்தா நாப்பது பேரு உக்காந்தாலும் நிக்கும், தம்பி.”

“படுக்கிறது யாரு?”

“வீடு யாரோடது?”

அப்பா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். சம்பந்தி அதைப் பார்த்துவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, இன்னும் மெதுவான குரலில் சொன்னார்:

“சித்திரை பொறக்குறதுக்குள்ள கொண்டாங்க. எங்க அக்கா மக ஒருத்தி இருக்கா. அவ வீட்டுல வருசக்கணக்கா கேட்டுக்கிட்டுத்தான் இருக்காக. நாந்தான் வேணாம்னு ஒங்க வீட்டுக்கு வந்தேன்.”

மகனுக்கு இரண்டாவதாக ஒரு பெண்ணைக் கட்டி வைப்பது அன்றைக்குச் சட்டத்தால் தடுக்கப்பட்ட காரியம் அல்ல. நடக்காத காரியமும் அல்ல.

ஆசாரியின் சாஸ்திரம்

கட்டிலைச் செய்த ராமையா ஆசாரியையே கூப்பிட்டோம். கல்யாணத்தின்போது மாப்பிள்ளை கை நூலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “படுக்கிறவன் கைதான் அளவு, இதுதான் சாஸ்திரம்” என்று சொன்னவர் இவர். இப்போது சம்பந்தி கை நூலை வாங்கி அதே கண்களில் ஒற்றிக்கொண்டார்.

“தலைவன் கைதான் அளவு. இதுதான் சாஸ்திரம்.”

“அன்னைக்கு வேற சொன்னீங்களே?”

“ரெண்டும் சாஸ்திரந்தான் தம்பி. ஆளப் பொறுத்து.”

கடைசியாகப் பேசியவர் யாரோ அவர் பக்கம் ஆசாரியின் சாஸ்திரம். நான் வேலை பார்த்த பத்திரிகையிலும் அளவு உண்டு: செய்தி இத்தனை அங்குலம், விளம்பரம் இத்தனை அங்குலம். முதலாளி குட்டை என்பதற்காக அங்குலத்தைக் குறைத்ததாக எனக்கு நினைவில்லை. மற்ற எல்லாவற்றையும் குறைத்தார். அவரைப் பற்றி இந்தத் தொடரில் தனியாகவே எழுத வேண்டும்.

நூலை வைத்துக்கொண்டு ஆசாரி மனக்கணக்குப் போடும்போது அழகம்மாள் வந்து நின்றாள்.

“அவுக காலு வெளிய நிக்கும் ஆசாரியாரே.”

“கால மடக்கிக்கிறதும்மா.”

“வருசம் முச்சூடுமா?”

“பேசாம இருத்தா,” என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி சொன்னார். அவள் பேசாமல் உள்ளே போனாள். அன்றிலிருந்து அவள் வாசலுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். தண்ணீருக்கும் ஆத்தாதான் போனாள். ஊருணியில் ஆத்தாவிடம் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “சட்டம் ஆயிருச்சா?” அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டவர்களுக்கும் தெரியும், ஆத்தாவுக்கும் தெரியும்.

தோணி மரம்

புதுக்கோட்டை மரக்கடைகளில் கேட்டுப் பார்த்தோம். பர்மாத் தேக்கு என்றதும் சிரித்தார்கள். நாட்டு வேம்பு இருக்கிறது, பூவரசு இருக்கிறது என்றார்கள். கடைசியில் யாரோ சொல்லி, புதுக்கோட்டைச் சமஸ்தான எல்லையைத் தாண்டிக் கோட்டைப்பட்டினம் போனோம். அப்போது அது தஞ்சாவூர் ஜில்லா.

கடற்கரையில் ஒரு ராவுத்தர் பழைய தோணி ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். சிலோனுக்குக் கூரை ஓடும் கருவாடும் ஏற்றிப்போன தோணி. மணலில் பலகை பலகையாகக் கிடந்தது. ஆணி இருந்த ஓட்டைகளைச் சுற்றி மரம் மை கொட்டியது போலக் கறுத்திருந்தது. அடிப்பலகைகள் எல்லாம் வளைவு. மேல்தளத்தில் இருந்து எடுத்த கனமான மரங்கள் மட்டும் நேராக இருந்தன.

“மரம் பர்மா. அதுக்கு நான் சத்தியம் பண்ணுவேன்,” என்றார் ராவுத்தர். “வாடை மட்டும் கோட்டைப்பட்டினம்.”

மோந்து பார்த்தேன். உப்பு, மீன் எண்ணெய், பழைய கருவாடு.

“எதுக்கு தம்பி, வீட்டு உத்தரத்துக்கா?”

“கட்டிலுக்கு.”

அவர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நல்லதாப் போச்சு. வெள்ளம் வந்தாக் கூட மெதக்கும்.”

அப்பா சிரித்தார். அந்தப் பங்குனியில் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஆசாரி எங்கள் வீட்டுக் கொல்லையில் மரத்தை அறுத்து இழைத்தார். இழைக்க இழைக்க வாடை கிளம்பியது. தெருப் பூனைகள் வந்து இழைப்புச் சுருளைக் கிளறிப் பார்த்து ஏமாந்து போயின. ஆணி ஓட்டைகளில் மரக்குச்சி அடித்து அடைத்து, மேலே மெழுகு தேய்த்தார். அழகம்மாள் சாம்பிராணி போட்டாள். சாம்பிராணியும் மீனும் சேர்ந்து மணத்ததுதான் மிச்சம்.

மாப்பிள்ளை வந்தார்

வேலை பாதியில் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கதிரேசன் வந்தார்.

அவருக்குத் திருமயத்தில் ஒரு பஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிற வேலை. ஆறடிக்கு மேல் உயரம். எங்கள் வீட்டு நிலைப்படியில் எப்போதும் தலையைக் குனிந்தே நுழைவார். நுழைந்த பிறகும் நிமிர மாட்டார். தன் அப்பா பேசினால் அவருக்கு நாக்கு எழாது என்று ஊரே சொல்லும். பெண்டாட்டியைச் சட்டத்தோடு வண்டியில் ஏற்றியபோது அவர் ராத்திரிக் கணக்கு முடிக்கப் பஸ் ஷெட்டில் இருந்தார். அதைக் கேள்விப்பட்டும் இத்தனை நாள் வரவில்லை. அவரைப் பற்றி அப்போது எனக்கு இருந்த அபிப்பிராயத்தை அச்சில் போட முடியாது.

உட்கார்ந்தார். மோர் குடித்தார். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியை எரித்து ஓட்டிய கரிவாயு பஸ் மேட்டில் ஏறாமல் நின்றதைப் பற்றி அப்பாவிடம் கொஞ்சம் சொன்னார். பிறகு கொல்லைக்குப் போய்ச் சட்டங்களைப் பார்த்தார்.

“எவ்வளவு நீளம் ஆசாரியாரே?”

“நாலு முழம்ங்க.”

“யாரு கைக்கு?”

ஆசாரி என்னைப் பார்த்தார். பிறகு தன் உளியைப் பார்த்தார். “பெரியவுக கைக்குங்க.”

கதிரேசன் தலையை ஆட்டினார். அழகம்மாள் கிணற்றடியில் நின்றாள். அவளிடம் போய் என்னவோ கேட்டார், அவள் என்னவோ சொன்னாள். தூரத்திலிருந்து பார்க்கச் சண்டை மாதிரியும் இல்லை, சமாதானம் மாதிரியும் இல்லை. போகும்போது என்னிடம், “எப்பக் கொண்டாறீங்க மச்சான்?” என்று கேட்டார். வியாழக்கிழமை பத்து மணிக்கு நல்ல நேரம் என்றேன். “சரி,” என்றார். அவ்வளவுதான். வாயில்லாப் பூச்சிக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டோம் என்று ஆத்தாவிடம் சொன்னேன். “கொடுத்தாச்சு,” என்றாள் ஆத்தா.

மிச்சப் பலகை

வியாழக்கிழமை வாடகை வண்டியில் சட்டங்கள் போயின. கூடவே தங்கையும் அவள் பெட்டியும். நானும் அப்பாவும் ஆசாரியும் பின்னால் நடந்தோம்.

சம்பந்தி ஊரையே கூட்டியிருந்தார். சீட்டாட்டச் சேக்காளிகள் மூன்று பேரும் முன்வரிசையில் இருந்தார்கள்; ஒரு பண்டத்தை முறித்தவர்களே அதன் மறுபிறப்புக்குச் சாட்சி. அழகம்மாளை வாசலிலேயே நிற்கச் சொன்னார்கள். முதலில் சட்டம், பிறகு பெண். மாமியார் ஆரத்தித் தட்டோடு நிலைப்படியில் காத்து நின்றார். அந்த அம்மாள் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

சம்பந்தி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சட்டத்தின்மேல் குனிந்தார். முழங்கையை ஊன்றி, விரலை நீட்டி, விரல் நுனியில் மறுபடி முழங்கையை வைத்து, புழு ஊர்வது போல அந்த மரத்தின் மேல் ஊர்ந்து போனார்.

“நாலு முழம். மயிரிழை பிசகில்ல.” நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார். பிறகு உள்ளங்கையை மோந்தார். “என்னய்யா வாடை இது?”

அப்பா ஆசாரியைப் பார்த்தார்.

“பர்மா வாடைங்க,” என்றார் ஆசாரி.

“அதானே பார்த்தேன்,” என்றார் சம்பந்தி. சேக்காளிகளும் குனிந்து மோந்து, பர்மாதான் என்று ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் ரங்கூனில் இருந்து வந்தவர்.

ஆசாரி தலைமாட்டையும் கால்மாட்டையும் நிறுத்தி, சட்டங்களின் நுனியைத் துளைகளில் பொருத்தி ஆப்பு அடித்தார். குறுக்கே பலகைகளைப் பரப்பினார். கடைசிப் பலகைக்கு இடம் இல்லை. அதைத் திருப்பி வைத்துப் பார்த்தார், மற்றவற்றை நெருக்கிப் பார்த்தார். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“இது எங்கிட்டு?” என்று ஒருவர் கேட்டார்.

“மணை செஞ்சுக்கலாம்ங்க. சாப்பிட உக்கார.”

அப்போதுதான் கதிரேசன் வந்தார். அவர் வேலைக்குப் போயிருப்பார் என்று நினைத்திருந்தோம். செருப்பை வாசலில் கழற்றினார், வாசலில் நின்ற பெண்டாட்டியைத் தாண்டி உள்ளே வந்தார், கூட்டத்துக்கு நடுவே நடந்துபோய்க் கட்டிலில் மல்லாந்து படுத்தார்.

தலை தலைமாட்டில் முட்டியது. பாதங்கள் கால்மாட்டுச் சட்டத்தைத் தாண்டிக் கணுக்கால் வரைக்கும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. ஒரு விறைப்பான, நீளமான, மௌனமான படுக்கை. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு இன்னொருவர். சேக்காளிகளும் சிரித்தார்கள்.

“டேய், எந்திரிடா. என்ன கூத்து இது?” என்றார் சம்பந்தி.

“அளவு பாக்குறேன்யா.”

“கால மடக்கிப் படு.”

கதிரேசன் முகட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “எனக்குச் சரியா வராதுய்யா. நீங்க படுங்க. அளவா இருக்கும்.”

சிரிப்பு நின்றது. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அந்தக் கட்டில் யாருக்காகச் செய்யப்பட்டது என்பது முன்பே தெரியும். அதைச் சொல்ல அவர்களுக்கு மகன் ஒருவன் தேவைப்பட்டான்.

சம்பந்தி இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறினார். “யாருகிட்டப் பேசுற? இது யாரு வீடு தெரியுமில்ல?”

“தெரியும்.” கதிரேசன் எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார். “அதான் திருமயத்துல ரூம் பாத்திருக்கேன்.”

அவர் வாசலுக்கு வந்தபோது வண்டிக்காரர் டிரங்குப் பெட்டியைப் பாதி இறக்கியிருந்தார்.

“இறக்காதீக. வண்டியிலயே இருக்கட்டும்.” பிறகு அழகம்மாளிடம், “ஏறு,” என்றார்.

அவள் எங்கள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சம்பந்தியைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். அந்த மனிதர் அதுவரை யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை. மகளின் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டார்.

“போறவன் போ! ஒரு துரும்பு இங்கயிருந்து வராது. கட்டில் வராது!” உள்ளிருந்து சத்தம் வந்தது.

“வேணாம்,” என்றார் கதிரேசன், வண்டியின் பின்பலகையைத் தூக்கி மாட்டியபடி. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

மாமியார் இன்னும் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். தட்டில் சிவப்புத் தண்ணீர் ததும்பியது. அது வீட்டுக்குள் வருகிற மருமகளுக்கு எடுக்க வேண்டியது. அந்த அம்மாள் படியிறங்கித் தெருவுக்கு வந்து, வண்டியில் இருந்த இருவருக்கும் மூன்று சுற்றுச் சுற்றி, மகன் நெற்றியிலும் மருமகள் நெற்றியிலும் பொட்டு வைத்து, தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டு உள்ளே போனார். புருஷனின் பக்கம் திரும்பவில்லை.

ஆசாரி மட்டும் எங்களோடு வரவில்லை. நாங்கள் தெருமுனை திரும்பும்போது அவருடைய குரல் கேட்டது: மகன் கை அளவு எப்போதுமே ஆகாது, பெரியவர் சொன்னதுதான் சாஸ்திரம் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

மெயின் ரோட்டில் கரிவாயு பஸ் வந்தது. டிரைவர் கதிரேசனுக்குத் தெரிந்தவர். பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, அழகம்மாளை முன்னால் உட்கார வைத்தார்கள். அப்பாவும் நானும் அரிமளத்துக்கு நடந்தோம்.

சித்திரையில் நான் திருமயம் போய் அவர்களைப் பார்த்தேன். பஸ் ஷெட்டுக்குப் பின்னால் ஓட்டுக்கூரை போட்ட ஒற்றை அறை. ஒரு ஜன்னல், ஒரு மாடம், மூலையில் அடுப்பு. கட்டில் போட அங்கே இடம் இல்லை.